சுகர் மாத்திரைக்கு அடங்காதபோது: இரு வேளைக் கலவை ஊசியா, ஒரு வேளை நீண்டநேர ஊசியா?

மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் காலையும் இரவும், கூடவே கிளிமிபிரைடு 2 மில்லிகிராம் இரு வேளை. இவ்வளவு போட்டும் வெறும் வயிற்றில் 210, சாப்பிட்ட பின் 290, மூன்று மாத சராசரி (HbA1c) 9.4 சதவீதம் என்று நின்றால், "இனி ஊசிதான்" என்று டாக்டர் சொல்லிவிடுவார். எந்த ஊசி என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு. இராமநாதபுரம் கடற்கரையில் அதைக் கேட்டே ஆகவேண்டும். இங்கே ஊசியைத் தீர்மானிக்க வேண்டியது சர்க்கரையின் எண் மட்டுமில்லை, சோறு எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்பதும்தான். தொண்டியில் கடை வைத்திருப்பவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஊசி, இராமேஸ்வரத்திலிருந்து விசைப்படகில் போகிறவரை நடுக்கடலில் மயங்கி விழ வைத்துவிடும்.

இங்கே சொல்லும் அளவுகள் மருத்துவர்கள் வழக்கமாகத் தொடங்கும் அளவுகள். வீட்டில் நீங்களே தொடங்குவதற்கு இல்லை. டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும், எந்த விவரத்தை மறக்காமல் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே இவை.

ஊசி இப்போதே வேண்டுமா?

சராசரி 7.5க்கும் 8.5க்கும் இடையில் இருந்தால் பெரும்பாலும் இன்னொரு மாத்திரைக்கு இடம் இருக்கிறது. டெனிலிகிளிப்டின், சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்றவை தனியாகச் சர்க்கரையைத் தாழ விடாதவை. காப்புரிமை முடிந்த பிறகு விலையும் இறங்கிவிட்டது. டபாகிளிஃப்ளோசினும் அப்படித்தான். இதயம், சிறுநீரகம் இரண்டுக்கும் அது தனி நன்மை செய்கிறது. ஆனால் அது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து, தண்ணீரும் சேர்ந்து போகும். வெயிலில் உப்பளத்தில் நிற்பவரும், படகில் குடிநீரை அளந்து குடிப்பவரும் அதைப் போட்டால் தலைசுற்றலும் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் வர வாய்ப்பு கூடும். வாந்தி பேதி வந்த நாளிலும், சாப்பிடாமல் கிடக்கும் நாளிலும் அதை நிறுத்தவேண்டும். அறுவை சிகிச்சை என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்தவேண்டும்.

சராசரி 10க்கு மேல் போய்விட்டால், அல்லது உடம்பு வேகமாக இளைத்து, இரவெல்லாம் சிறுநீர் போய், நாக்கு வறண்டால், மாத்திரையை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்தக்கூடாது. ஊசி தேவை. அது கடைசிக் கட்டம் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. சர்க்கரை அடங்கி, கணையம் ஓய்வெடுத்த பிறகு, பலருக்கு ஊசியைக் குறைக்கவும் சிலருக்கு நிறுத்தவும் முடிகிறது.

இரண்டும் உடம்பில் எப்படி வேலை செய்கின்றன

அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தருவது 30/70 மனித இன்சுலின் கலவை. அதில் 30 பங்கு வேக இன்சுலின், 70 பங்கு நடுத்தர நேரத்துக்கான இன்சுலின். வேகப் பங்கு அரைமணி நேரத்தில் தொடங்கி, இரண்டிலிருந்து நான்கு மணிநேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். நடுத்தரப் பங்கின் உச்சம் நான்கிலிருந்து பத்து மணிநேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். காலை ஏழரைக்குப் போட்டு எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டால், பத்து மணி வாக்கில் முதல் இறக்கம், மதியத்திலிருந்து மாலைக்குள் இரண்டாவது இறக்கம். மதியச் சோறு ஒரு மணிக்குள் வந்தே ஆகவேண்டும். பதினொரு மணிக்குக் கொஞ்சம் சுண்டலோ பிஸ்கட்டோ பலருக்குத் தேவைப்படும். இரவு ஏழரை ஊசியின் நடுத்தரப் பங்கு நள்ளிரவிலிருந்து விடியும் முன்புவரை உச்சத்தில் இருக்கும்.

ஊசி உள்ளே போய்விட்டால் சோறு தாமதமானது அதற்குத் தெரியாது. கலவை ஊசியின் நன்மையும் ஆபத்தும் இந்த ஒன்றில் அடக்கம். நேரத்துக்குச் சாப்பிடுகிறவருக்குச் சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரையையும் சேர்த்து அடக்கித் தரும். நேரம் தவறுகிறவரைக் கீழே தள்ளும்.

நீண்டநேர இன்சுலின் என்றால் இங்கே பெரும்பாலும் கிளார்ஜின். போட்ட பிறகு மெதுவாகத் தொடங்கி, பெரிய உச்சம் எதுவும் இல்லாமல், கிட்டத்தட்ட 24 மணிநேரம் ஒரே மட்டத்தில் வேலை செய்யும். சோற்றுக்காகக் காத்திருக்கும் ஊசி இல்லை இது. கல்லீரல் இரவு பகலாக விடும் சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொள்ளும். அதனால் ஒரு வேளை சோறு இரண்டு மணி நேரம் தள்ளிப் போனாலும் கலவை ஊசி அளவுக்குத் தாழ்த்தாது. மறுபக்கம், மூன்று தட்டு சோற்றினால் ஏறும் சர்க்கரையை இது அடக்காது. அதற்கு மாத்திரையும் சாப்பாட்டு அளவும் துணை நிற்கவேண்டும். 2022இல் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கிளார்ஜின் சேர்ந்தது. இருந்தாலும் யூனிட்டுக்கு யூனிட் கணக்குப் பார்த்தால் மனித இன்சுலினைவிட விலை கூடுதல்தான்.

நடுவில் மலிவான வழி ஒன்றும் உண்டு: நடுத்தர இன்சுலினை மட்டும் தூங்கும் முன் ஒரு வேளை போடுவது. வீட்டில் படுத்துத் தூங்குகிறவருக்கு இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதன் உச்சம் பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கு வரும். அந்த நேரத்தில் வலை இழுத்துக்கொண்டிருப்பவருக்கு இது ஆகாது.

விசைப்படகில் போகிறவருக்கு

பாக் நீரிணைப் பக்கம் இராமேஸ்வரம் விசைப்படகுகள் பெரும்பாலும் வாரத்தில் மூன்று நாள், காலையில் புறப்பட்டு மறுநாள் காலையில் கரை திரும்புகின்றன. இரவு முழுக்க வேலை. சோறு எப்போது என்று வலையில் மீன் படுவதைப் பொறுத்துத்தான் தெரியும். ஒருநாள் எட்டு மணிக்குச் சாப்பிடுவார்கள், ஒருநாள் பன்னிரண்டுக்கு. கடல் கொந்தளித்தால் அடுப்பே பற்றவைக்க முடியாது. இப்படிப்பட்டவருக்கு இரவு ஏழரைக்குக் கலவை ஊசி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், அவர் மூன்றில் ஒன்றைச் செய்வார்: படகில் போடாமல் விட்டுவிடுவார், போட்டுவிட்டு இனிப்பு டீயாகக் குடித்துத் தள்ளுவார், அல்லது மயங்குவார். கரையில் மயங்கினால் 108 வரும். கடலில் மயங்கினால் பக்கத்தில் இருப்பது கூட வந்த நான்கைந்து பேர் மட்டும்தான். அவர் தண்ணீரில் விழுந்தால் பிறகு பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

இவர்களுக்கு என் தேர்வு கிளார்ஜின், அதுவும் காலையில். ஊசி என்றால் இரவு படுக்கும்போது என்று பழக்கத்தால் எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒரு கட்டாயம் கிளார்ஜினுக்கு இல்லை. தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். படகு ஏறும் முன் காலை ஏழு மணிக்கு வீட்டில் ஒரு ஊசி. மறுநாள் கரைக்கு வந்ததும் ஒரு ஊசி. கொஞ்சம் முன்பின் ஆனாலும் பெரிதாகக் கெடாது. இன்சுலினைக் கடலுக்கு எடுத்துப் போகவே தேவையில்லை என்பதால் வெயில், ஐஸ், உப்புத் தண்ணீர் எல்லாப் பிரச்சினையும் ஒரே முடிவில் தீர்ந்துவிடும். தங்கு கடலுக்குப் பல நாள் போகிறவர்களுக்கு மட்டும் பேனா ஊசி (பேனா வடிவக் கருவியில் வரும் இன்சுலின்) கூடவே போகவேண்டும். நேரம் அடிக்கடி மாறுகிறவர்களுக்கு டெக்லுடெக் என்ற இன்னொரு நீண்டநேர இன்சுலின் இன்னும் வசதி. 40 மணிநேரத்தையும் தாண்டி வேலை செய்வதால், இரண்டு ஊசிக்கு இடையே எட்டு மணிநேரத்துக்குக் குறையாமல் இருந்தால் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். விலைதான் தடை.

தொடங்கும் அளவு 10 யூனிட், அல்லது கிலோவுக்கு 0.1 முதல் 0.2 யூனிட். வெறும் வயிற்றுச் சர்க்கரை 130க்கு மேல் நின்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை 2 யூனிட் ஏற்றுவார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. இரவு இரண்டு மணிக்குச் சோறு சாப்பிட்டவர் காலை ஆறு மணிக்குப் பார்ப்பது வெறும் வயிற்று அளவே இல்லை. அந்த எண்ணை வைத்து யூனிட் ஏற்றினால் ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் தூக்கிப் போட்டுவிடும். கரையில் தூங்கி எழுந்த நாட்களின் அளவை மட்டும் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் நோட்டைக் காட்டும்போது ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் "கடல்", "கரை" என்று எழுதியிருந்தால் போதும், பாதிக் குழப்பம் தீரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 யூனிட்டுக்குப் போயும் சராசரி இறங்கவில்லை என்றால் இன்னும் ஏற்றுவதில் பயன் குறைவு. சாப்பாட்டுச் சர்க்கரைதான் மிச்சப் பிரச்சினை என்று அர்த்தம்.

இன்னொன்று. ஊசியை மாற்றிவிட்டு கிளிமிபிரைடை அப்படியே விட்டுவைத்தால் வேலை பாதிதான் முடிந்தது. பசியோடு உழைக்கும் உடம்பை அந்த மாத்திரையும் தாழ்த்தும். அதே வகை மாத்திரையான கிளிபென்கிளமைடு அதைவிட மோசம். சிறுநீரகம் பழுதானவருக்கு அதன் இறக்கம் ஒருநாளுக்கு மேலும் இழுத்துக்கொண்டு போகும். கடலுக்குப் போகிறவர் ஊசி தொடங்கும்போதே இவற்றைக் குறைக்கவோ, கிளிப்டின் வகைக்கு மாற்றவோ டாக்டரிடம் கேட்கவேண்டும்.

பாசி எடுக்கும் பெண்கள்

பாம்பன், மண்டபம் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்கள் விடியற்காலையில் பழைய சோற்றைக் குடித்துவிட்டு, கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்கினால், திரும்பி வரச் சில மணிநேரம் ஆகும். முழுகி முழுகி எடுக்கும் வேலை அது. காலைக் கலவை ஊசியின் வேகப் பங்கு உச்சத்துக்குப் போவது அவர்கள் தண்ணீருக்குள் இருக்கும் அந்த நேரத்தில்தான். தொடையில் குத்திக்கொண்டு நீந்தினால் தசை அசைவால் இன்சுலின் இன்னும் வேகமாக உறிஞ்சப்படும். வேலை நாளில் வயிற்றில் போடுவது மேல். இவர்களுக்கும் ஒரு வேளை நீண்டநேர ஊசியே பொருந்தும். கலவைதான் கிடைக்கிறது, வேறு வழியில்லை என்றால், கடலுக்கு இறங்கும் நாளில் காலை அளவை எவ்வளவு குறைப்பது என்று டாக்டரிடம் தனியாக எழுதி வாங்கவேண்டும். கடல் நாளுக்கு ஓர் அளவு, வீட்டு நாளுக்கு ஓர் அளவு என்று இரண்டு எண்கள் சீட்டில் இருக்கவேண்டும்.

உணர்வு மரத்த காலோடு பவளப் பாறையில் நடப்பவர்களுக்குக் கீறல் பட்டதே தெரியாது. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கு வரை பார்க்கவேண்டும். எந்த ஊசி போட்டாலும் இதற்கு விலக்கு இல்லை.

கலவை ஊசி யாருக்கு நல்லது

கடலோரத்தில் எல்லோரும் கடலுக்குப் போவதில்லை. கடை, அலுவலகம், வீட்டு வேலை என்று மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறவர்கள், சாப்பிட்ட பின் சர்க்கரை 300ஐத் தாண்டுகிறவர்கள், மாதாமாதம் காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் ஆகியோருக்கு 30/70 நல்ல மருந்து. ஓசியில் கிடைப்பதால் தரம் குறைந்தது என்று நினைத்து, கடன் வாங்கி பேனா ஊசிக்கு மாறுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பணம் தீர்ந்த மாதம் ஊசியே இல்லாமல் இருப்பதைவிட, விடாமல் போடும் இலவச ஊசி ஆயிரம் மடங்கு மேல்.

வழக்கமான தொடக்கம் கிலோவுக்கு ஏறத்தாழ 0.3 யூனிட். 60 கிலோவுக்கு 18 யூனிட். அதில் மூன்றில் இரண்டு பங்கான 12 காலை, 6 இரவு. சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பு. போட்டுவிட்டு உடனே சாப்பிட்டால் சோற்றுச் சர்க்கரை முந்திக்கொள்ளும், இன்சுலின் பின்னால் வந்து மூன்று மணிநேரம் கழித்துத் தாழ்த்தும். சர்க்கரை ஏறியும் இறங்கியும் ஆடுகிறது என்று வருகிறவர்களில் பலருக்கு இந்த அரைமணி தவறியிருக்கும். இரவு அளவு சரியா என்று மறுநாள் காலை வெறும் வயிற்று எண் சொல்லும். காலை அளவு சரியா என்று இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய எண் சொல்லும். மாற்றிப் பார்த்து மாற்றி ஏற்றினால் தப்பாகிவிடும். கலவை ஊசி தொடங்கும்போது கிளிமிபிரைடு பொதுவாக நிறுத்தப்படும், மெட்ஃபார்மின் தொடரும்.

கலவை இன்சுலின் பாட்டிலில் வெள்ளைப் பங்கு அடியில் தங்கியிருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழும் கவிழ்த்து, சீராகக் கலங்கிய பிறகே எடுக்கவேண்டும். குலுக்கினால் நுரை வந்து அளவு குறையும். கலக்காமல் எடுத்தால் பாட்டிலின் முதல் பாதி ஒருவிதமாகவும் கடைசிப் பாதி வேறுவிதமாகவும் வேலை செய்யும். கிளார்ஜின் தெளிந்த தண்ணீராக இருக்கவேண்டும். அதை வேறெந்த இன்சுலினோடும் ஒரே சிரிஞ்சில் கலக்கக்கூடாது.

தனியாக வாழும் வயதானவர்களுக்கு இரண்டிலுமே கவனம் வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் ஒருவர் மட்டும் என்ற நிலை கீழக்கரை முதல் தொண்டி வரை நிறைய உண்டு. அவர்களுக்குச் சராசரி 7 என்ற இலக்கே வேண்டாம், 8 போதும். காலையில் சின்ன அளவு நீண்டநேர ஊசி, பகலில் யாராவது பார்த்துக்கொள்ளும் நேரத்தில் போடுவது பாதுகாப்பு.

யூ-40, யூ-100: உயிர் போகும் இடம்

மருத்துவமனைப் பாட்டில் பெரும்பாலும் யூ-40, ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட். பேனாவுக்குள் போடும் மருந்துக் குப்பியான கார்ட்ரிட்ஜ் யூ-100, ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட். யூ-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யூ-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பேனா கெட்டுப்போன அவசரத்தில், கார்ட்ரிட்ஜில் சிவப்பு மூடி சிரிஞ்சைக் குத்தி 20 கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. அன்றிரவே அவர் மருத்துவமனையில் இருப்பார். தலைகீழாக, யூ-40 பாட்டிலில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சைப் போட்டால் 20 என்று எடுப்பது உண்மையில் 8 யூனிட்தான். மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டர் அளவை ஏற்றுவார். பிறகு சரியான சிரிஞ்சு கிடைத்த நாளில் விபத்து. ஒரே வீட்டில் கணவருக்குப் பேனா, மனைவிக்குப் பாட்டில் என்று இருந்தால் இரண்டையும் வேறு வேறு டப்பாவில் வையுங்கள். கடையில் "சுகர் ஊசி கொடுங்க" என்று கேட்காமல் "நாற்பது ஊசி, சிவப்பு மூடி" என்று கேளுங்கள்.

பேனாவில் ஒவ்வொரு முறையும் 2 யூனிட்டை வெளியே விட்டுப் பார்த்த பிறகே அளவை வைக்கவேண்டும். 10 யூனிட் போடுகிறவருக்கு ஒரு நாளைக்கு 12 செலவு. 300 யூனிட் கார்ட்ரிட்ஜ் 25 நாள் வரும். 18 யூனிட் கலவை போடுகிறவருக்கு 400 யூனிட் பாட்டில் 22 நாள்தான் வரும். மாதத்துக்கு ஒரு பாட்டில் வாங்கிப் போனால் கடைசி எட்டு நாள் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மருந்து வாங்கும் இடத்தில் இந்தக் கணக்கைச் சொல்லி இரண்டாகக் கேளுங்கள்.

பேனாவில் மாட்டும் ஊசிமுனை 4 மில்லிமீட்டர் நீளம் என்றால் நேராகக் குத்தி, அழுத்திய பின் பத்து எண்ணும் வரை எடுக்காமல் இருக்கவேண்டும். குத்திய இடத்திலேயே குத்தினால் தோலுக்கடியில் கட்டி கட்டும். அங்கே போடும் இன்சுலின் ஒருநாள் ஊறாது, ஒருநாள் மொத்தமாக ஊறும்.

வெயிலும் ஐஸும்

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்கவேண்டும்: ஃபிரிட்ஜ் கதவுத் தட்டு நல்லது, ஃபிரீசர் கூடவே கூடாது. திறந்ததை 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் வைக்கலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானைக்குள் மண்பானை, நடுவில் ஈர மணல் என்ற முறை எல்லா ஊரிலும் சொல்லித் தரப்படுகிறது. இந்தக் கடற்கரையில் அதை முழுசாக நம்பவேண்டாம். தண்ணீர் ஆவியானால்தான் பானை குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் நாளில் ஆவியாதல் குறைவு. காற்றோட்டமான நிழலில், தரையை ஒட்டி வைத்து, உள்ளே ஒரு சின்ன வெப்பமானியைப் போட்டுப் பாருங்கள். 30க்கு மேல் போனால் அதிகமாகச் சேர்த்து வைக்காமல் ஒரு பாட்டிலை மட்டும் வீட்டிலும், மீதியை ஃபிரிட்ஜ் உள்ள பக்கத்து வீட்டிலும் வைப்பதே வழி.

படகில் மீன் ஐஸ் பெட்டி இருக்கிறதே என்று அதில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. கடல் தண்ணீர் பட்ட ஐஸ் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும். இன்சுலின் உறைந்தால் பிறகு உருகினாலும் அது மருந்து இல்லை. பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாமலேகூட இருக்கலாம். எடுத்துப் போகவேண்டியவர்கள் பேனாவைத் துணியில் சுற்றி, அகன்ற வாய் ஃபிளாஸ்க்கில் போட்டு, டிரைவர் அறை நிழலில் வையுங்கள். ஐஸ் அதைத் தொடக்கூடாது.

சர்க்கரை இறங்கினால்

கை நடுக்கம், வியர்வை, பசி, எரிச்சல், பேச்சுக் குழறல். கடலில் வியர்வையும் நடுக்கமும் வேலையால் வந்தது என்று தள்ளிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் இனிப்புதான் முதலில், குளுக்கோமீட்டர் பிறகு. 70க்குக் கீழ் என்றால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன் பொடி தண்ணீரில்; 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறியதும் சோறோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும். கருப்பட்டிக் கட்டியைக் கடித்தால் கரைந்து இறங்க நேரமாகும். தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் வேலை செய்யும். (கருப்பட்டி சுகரை ஏற்றாது என்று நம்பி மற்ற நாளில் டீயில் போட்டுக் குடிப்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.)

வோகிளிபோஸ் கலந்த மாத்திரை போடுகிறவர்களுக்குச் சீனியும் கருப்பட்டியும் வேகமாக உதவாது. அந்த மருந்து சீனியை உடைக்கும் நொதியையே தடுக்கிறது. அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடி மட்டுமே. மாத்திரை அட்டையைப் பாருங்கள். மூன்று மருந்து ஒன்றாகக் கலந்த மாத்திரைகள் பலவற்றில் வோகிளிபோஸ் ஒளிந்திருக்கும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கரைக்குத் திருப்புங்கள். ஊசி போடுகிறவர் யார் என்று படகில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். மறைத்து வைக்கும் விஷயமே இல்லை இது.

நோன்பும் தடைக்காலமும்

ரமலான் நோன்பு வைக்கிறவர்கள் ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்க்கவேண்டும். கிளார்ஜின் போடுகிறவர்களுக்கு அதை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, 15 முதல் 30 சதவீதம் குறைப்பது வழக்கம். இரு வேளைக் கலவை என்றால் வழக்கமான காலை அளவு நோன்பு திறக்கும்போதும், இரவு அளவில் பாதி அல்லது முக்கால் பங்கு சஹருக்கும் (விடியும் முன் சாப்பிடும் வேளை) போகும். காலை அளவையே சஹரில் போட்டுவிட்டுப் பகல் முழுக்கப் பட்டினி கிடப்பதுதான் ஆபத்து. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழோ 300க்கு மேலோ போனால் நோன்பைத் திறந்துவிடவேண்டும்.

விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். உழைப்பு நின்றுபோய், வீட்டில் இருந்து சாப்பிடும்போது சர்க்கரை ஏறும், டாக்டர் யூனிட்டை ஏற்றுவார். தடை முடிந்து அதே அளவோடு முதல் நாள் கடலுக்குப் போனால் உடம்பு தாங்காது. ஜூன் தொடக்கத்திலேயே ஒருமுறை போய், தொழிலுக்குத் திரும்புகிறேன் என்று சொல்லி அளவைக் குறைத்து வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நடைக்கு அடிக்கடி பார்த்தால் புது அளவு பிடிபட்டுவிடும்.

கலவையிலிருந்து நீண்டநேர ஊசிக்கு மாறும்போது

ஏற்கெனவே கலவை போட்டுக்கொண்டிருப்பவர் அதே யூனிட்டை அப்படியே கிளார்ஜினாகப் போடக்கூடாது. தினம் 30 யூனிட் கலவை என்றால் அதில் நடுத்தரப் பங்கு 21. அதிலிருந்து 20 சதவீதம் கழித்து 16 அல்லது 17 யூனிட்டில் தொடங்குவது பாதுகாப்பான வழி. முதல் ஒன்றிரண்டு வாரம் சாப்பிட்ட பின் சர்க்கரை முன்பைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து பழைய கலவையையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த வாரங்களில் வெறும் வயிற்று எண்ணைக் கரை நாட்களில் எழுதி வைத்து, பதினைந்தாம் நாள் நோட்டோடு போனால், யூனிட்டை ஏற்றுவதா, சாப்பாட்டுச் சர்க்கரைக்கு மாத்திரை சேர்ப்பதா என்று டாக்டர் முடிவு செய்ய அது போதும்.